மலை ரோட்டுக் கேள்வி

வடிவேலு சிலேட்டில் ஒரு சாய்வுக் கோடு இழுத்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பெட்டிகள் போட்டு, பல்பத்தால் தட்டினான். மலை ரோடு, குறுகல், இரண்டு வண்டிகள் ஒதுங்க இடமில்லை, யார் நிற்க வேண்டும் என்பது கேள்வி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தேவானை மின்விசிறியைப் பார்த்தாள், புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், யோசிக்கிறவள் மாதிரி உதட்டைக் கடித்தாள். "ஏர்ற வண்டிதான மாமா நிக்கணும்?" என்றாள். வடிவேலு பல்பத்தைப் போர்வை மேல் எறிந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். இன்றைக்கும் தப்பா என்று கேட்பதுபோலப் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி இவளைப் பார்த்துச் சிரித்தாள். தேவானையும் அசடு வழியச் சிரித்து வைத்தாள். சரியான பதில் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் வடிவேலுவின் தொண்டையிலிருந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. மூக்கில் ஒரு குழாய், அதன் வழியாகக் கஞ்சி. ஒரு காலத்தில் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் நின்று அவன் "கிளச்ச மிதி தாயே!" என்று கத்தினால் லஸ் பக்கம் போகிறவர்கள்கூடக் காலைத் தூக்கி மிதிப்பார்கள். பீடியால் வந்தது என்றார் டாக்டர். பாதி பீடி, மீதி தி.நகர் பொம்பளைங்க கிளச்சு என்று வடிவேலு சிலேட்டில் எழுதிக் காட்டினான். டாக்டர் சிரித்தார். வராந்தாவுக்குப் போனதும் தேவானையிடம் சொல்ல வேண்டியதைச் சிரிக்காமல் சொன்னார்.

அவர்களுடையது ஒற்றை வண்டி வைத்து நடத்திய டிரைவிங் ஸ்கூல். பழைய ஃபியட், பக்கத்து சீட்டுக்குக் கீழே வாத்தியாருக்கென்று இரண்டாவது பிரேக். பெயர் 'வள்ளி டிரைவிங் ஸ்கூல்'. வடிவேலுவுக்கு வீட்டில் தேவானை, ரோட்டில் வள்ளி என்று தெருவே கேலி பேசியது. கல்யாணமான புதிதில் தேவானைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த வண்டிதான் மூன்றாவது ஆளாக இருந்தது என்பதால், பின்னால் அந்த வருத்தமும் போய்விட்டது. மயிலாப்பூர், தி.நகர் பெண்கள் வண்டி கற்றுக்கொள்ள வரத் தொடங்கியபோது, முன்பின் தெரியாத ஆணோடு தனியாகப் போக அவர்கள் வீட்டில் யோசித்தார்கள். துணைக்கு என்று தேவானையைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டான் வடிவேலு. பின்சீட்டில் உட்கார்ந்தே அவள் பாதி கற்றுக்கொண்டாள். மீதியை விடியற்காலைகளில் கடற்கரைச் சாலையில் அவன் சொல்லிக்கொடுத்தான். லைசன்ஸ் வாங்கினாள், வருஷக்கணக்காக ஓட்டினாள். ராயப்பேட்டையில் ஷெட் வைத்திருக்கும் ஹனீஃபா, வடிவேலுவின் சிநேகிதர், இன்ஜினைப் பிரித்துப் போட்டுப் பூட்டச் சொல்லிக்கொடுத்தார். கவர்மென்ட் பயிற்சி நிலையத்தில் மெக்கானிசம் சான்றிதழும் வாங்கினாள். வகுப்பில் புடவை கட்டிய ஒரே ஆள் அவள்தான். ஆனால் பாடம் நடக்கும்போது முன்சீட்டில் மட்டும் வடிவேலு அவளை உட்கார விட்டதே இல்லை. அது வாத்தியார் சீட்டு, பேப்பர் இல்லாமல் அதில் உட்காரக் கூடாது என்பான். பீடி விஷயத்தில் இல்லாத ஒழுங்கெல்லாம் அவனுக்கு இந்த விஷயத்தில் இருந்தது.

புதுச் சட்டம் வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் பேப்பர் வேண்டியிருந்தது. ஸ்கூலுக்கு லைசன்ஸ் வேண்டுமானால், இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேறிய ஒருவர் பெயரை வாத்தியார் என்று காட்ட வேண்டும். அதுவரை வடிவேலு பெயர் இருந்தது. இந்த வருஷம் புதுப்பிக்க வேண்டும். பெயர் மாறாவிட்டால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான். ஆபரேஷன் முடிந்து கண் விழித்து, சிலேட்டு கைக்கு வந்ததும் அவன் முதலில் எழுதியது 'நீ பரிச்ச எழ்து' என்றுதான். வலிக்கிறது என்றோ தண்ணீர் வேண்டும் என்றோ எழுதவில்லை. தேவானைக்கு அன்றைக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனுஷன் தன் இடத்தில் உட்கார ஆள் தயார் பண்ணுகிறான் என்றால் எங்கே கிளம்புகிறான் என்று அர்த்தம்? ஆனாலும் மறுநாள் விதிகள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். வேறென்ன செய்வது?

பார்வையாளர் நேரம் முழுக்கப் பாடம்தான். வட்டமாக இருந்தால் கட்டளை, முக்கோணமாக இருந்தால் எச்சரிக்கை, நீள்சதுரமாக இருந்தால் தகவல். சந்திப்பில் வலப்பக்கம் வருகிறவனுக்கு வழி. தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் எல்லோரும் ஒதுங்க வேண்டும். முன்னால் போகிறவன் பிரேக் போட்டால் உன் கண் பார்த்து, மூளை சொல்லி, கால் கேட்பதற்குள் வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும்? எல்லாம் அவளுக்கு வந்தது, மலை ரோடு மட்டும் ஆரம்பத்தில் வரவில்லை. மெட்ராஸில் பரங்கிமலையை விட்டால் மலை ஏது? அவள் கணக்கு வேறு மாதிரி இருந்தது. ஏறுகிறவன் எப்படியும் மெதுவாகத்தான் வருகிறான், நிற்பது அவனுக்குச் சுலபம். இறங்குகிறவனுக்குத்தான் நிற்பது கஷ்டம், பாவம், அவனை விட்டுவிடலாமே. இதைச் சொன்னதும் வடிவேலு எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஆபரேஷனுக்குப் பிறகு நர்ஸ் மீனாட்சி எத்தனையோ கெஞ்சியும் எழுந்து உட்காராதவன். சிலேட்டைத் தலையணை மேல் சாய்த்து மலையாக்கினான். மருந்துக் குப்பி ஒன்று லாரி, தைலக் குப்பி ஒன்று பஸ். ஏறுகிற லாரியைப் பாதி மலையில் நிறுத்தினால் மறுபடி கிளப்பும்போது அது பின்னால் உருளும் என்று உருட்டிக் காட்டினான். குப்பி விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது. அதனால் இறங்குகிறவன்தான் ஓரமாக நின்று ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும். முகம் சிவந்து, கழுத்துத் துளையில் மூச்சு புஸ் புஸ்ஸென்று வந்தது. அன்றைக்குக் கஞ்சி முழுவதும் இறங்கியது.

"டெய்லி இப்டி திட்டு வாங்குக்கா. இன்னிக்குதான் ஆளு ஆளாக் கீறாரு" என்றாள் மீனாட்சி, குப்பியைப் பொறுக்கிக்கொண்டே.

மறுநாள் தேவானை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள். அதற்கு அடுத்த நாளும். வேறு கேள்விகளிலும் தப்புச் செய்து பார்த்தாள், அவன் சந்தேகமாகப் பார்த்தான். மலை ரோடு மட்டும் அவளுக்கு ஏறவே ஏறாது என்று அவன் முடிவு கட்டிவிட்டதால் அதிலே மட்டும் சந்தேகம் வரவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த எந்த மாத்திரையும் செய்யாததை அந்த ஒரு தப்பு செய்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் பொறுமையானவர். போர்டுகளைக் காட்டிக் கேட்டார், மாஸ்டர் சிலிண்டர் என்ன செய்யும் என்று கேட்டார், கியர் பெட்டியை விளக்கச் சொன்னார். கடைசியில் மலை ரோட்டையும் கேட்டார். தேவானைக்கு நாக்கு நுனியில் தப்பான பதில்தான் முதலில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "எறங்கற வண்டி நின்னு, ஏர்ற வண்டிக்கு வழி உடணும் சார்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பயந்துவிட்டாள் என்று நினைத்து இன்ஸ்பெக்டர், "எல்லாம் கரெக்டும்மா. நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார்.

வெளியே ஸ்கூட்டரோடு ஹனீஃபா காத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் பதறினார். தேறிவிட்டாள் என்று தெரிந்ததும், "வா வா, இப்டியே ஆஸ்பத்திரிக்குப் போலாம். அவன் குதிப்பாம் பாரு" என்று ஸ்கூட்டரை உதைத்தார். தேவானை ஏறாமல் நின்றாள்.

"அவருகிட்ட சொல்லாதண்ணே."

"இன்னாம்மா சொல்ற? அவன் காத்துக்கினு கீறதே இதுக்குத்தான."

"அதாண்ணே பயமா கீது."

ஹனீஃபா இன்ஜினை அணைத்துவிட்டார். அன்று மாலை தேவானை வார்டில் போய் உட்கார்ந்து, இன்ஸ்பெக்டர் லீவு, இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். சிலேட்டில் வடிவேலு எழுதிய வார்த்தையை மீனாட்சி பார்ப்பதற்குள் அவள் தலைப்பால் துடைக்க வேண்டியிருந்தது. பிறகு அவன் சாய்வுக் கோடு இழுத்தான். அவள் நிம்மதியாகத் தப்புச் சொன்னாள்.

பொய் ஒன்று என்றால் அதோடு நிற்குமா? இன்ஸ்பெக்டர் லீவிலிருந்து திரும்பி, மாற்றலாகிப் போய், புது இன்ஸ்பெக்டருக்குக் காய்ச்சல் வந்து, ஆபீஸில் வெள்ளையடித்து, ஃபைல் வேறு அறைக்குப் போனது. அங்கே நாற்காலி மட்டும்தான் வேலைக்கு வருதா என்று வடிவேலு எழுதினான். எழுத்து நாளுக்கு நாள் கோணலாகிக்கொண்டு வந்தது. நோய்க்குப் போட்ட ஊசிகளை நிறுத்திவிட்டார்கள். நோய் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்றார் டாக்டர். தேவானை தலையாட்டினாள். நாள் முழுக்கப் பல பேரிடம் தலையாட்டிக்கொண்டிருந்தாள், எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

காலை நேரங்களில் வள்ளியை எடுத்துக்கொண்டு பாடம் நடத்தப் போனாள். இப்போது அவள் உட்காருவது வாத்தியார் சீட்டில். இருக்கையில் வடிவேலுவின் உடம்பு அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது அவன் மடியில் உட்கார்ந்த மாதிரி கூச்சமாகவும் பிறகு அழுகையாகவும் வந்தது. "கிளச்ச மிதி தாயே" என்று அவள் வாயிலிருந்து வந்தபோது அது அவன் குரல் போலவே இருந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவனிடமிருந்து பறித்து வைத்துக்கொண்டது போல இருந்தது அவளுக்கு.

கால்தான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. தெற்கு மாட வீதியிலிருந்து கற்றுக்கொள்ள வந்த ஸ்ரீலக்ஷ்மி, பாங்கில் வேலை பார்ப்பவள், ஒரு நாள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொல்லியே விட்டாள்.

"கோச்சுக்காதீங்கோ. நான் பிரேக்ல காலை வெக்கறதுக்குள்ள நீங்க வெச்சுடறேள். வண்டியை நான் நிறுத்தினேனா நீங்க நிறுத்தினேளான்னே தெரியலை. இப்படியே போனா நான் என்னிக்குத் தனியா ஓட்டறது?"

அவள் சொன்னது நியாயம்தான். தூரத்தில் ஒரு சைக்கிள் திரும்பினாலே தேவானையின் கால் போய் அழுத்திவிடும். மற்றவர்களும் முணுமுணுத்தார்கள், ஒருத்தி வராமலே நின்றுவிட்டாள். எப்போது அழுத்துவது, எவ்வளவு நேரம் பொறுப்பது? விதிகள் புத்தகத்தில் அது இல்லை, இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை. தெரிந்தவன் ஒருவன்தான், அவனிடம் கேட்டால் முன்சீட்டில் எப்படி உட்கார்ந்தாய் என்று கேட்பான். ஷெட்டுக்குப் போய் ஹனீஃபாவிடம் கேட்டாள்.

"எனக்கு பிரேக்க ரிப்பேர் பண்ணத்தாம்மா தெரியும். எப்ப மிதிக்கணும்னு அவனத்தான் கேக்கணும்" என்றார் அவர். கையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "தோ பாரும்மா. நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத. பாஸாயிட்டன்னு ஒரு வார்த்த கேட்டான்னா நிம்மதியாப் போவான்."

"அதாண்ணே. நிம்மதியாப் போய்டுவாரு."

"நிம்மதி இல்லாம போனா பரவால்லியா?"

தேவானை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் அடையாறு வரும் வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. தனக்காக அவனை நிறுத்தி வைத்திருக்கிறோமோ? சொல்லிவிடலாம் என்று அடையாறு பாலத்தின் மேல் நினைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, நாளைக்குச் சொல்லலாம் என்று மாற்றிக்கொண்டாள்.

அன்று வடிவேலு கண்ணைத் திறந்து வைத்திருக்கவே சிரமப்பட்டான். தேவானை ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஃபைல் தொலைந்துவிட்ட கதையைத் தொடங்கினாள். வார்டின் அந்தக் கோடியில், கதவருகே, ஒரு பெரியவர் குளுக்கோஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு நடையைக் கடந்தார். எதிரே சாப்பாட்டுத் தள்ளுவண்டி வந்தது. நல்ல இடைவெளி. தள்ளுகிறவன் பார்த்துக்கொண்டுதான் வந்தான், பெரியவர் தன் பாட்டுக்குப் போனார். ஆனால் தேவானையின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. ஸ்டூல் கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது.

வாத்தியார் சீட்டில் உட்காருகிறவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி இது. டவுன் பஸ்ஸில் போனாலும், சொந்தக்காரன் காரில் போனாலும், பிரேக் இல்லாத தரையைக் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். வடிவேலு சினிமாக் கொட்டகையில் திரையில் லாரி வந்ததற்கு முன்சீட்டுக்காரரை உதைத்துச் சண்டை வாங்கியவன். வருஷக்கணக்காக வண்டி ஓட்டினாலும் பின்சீட்டிலேயே கிடந்தாலும் இது வராது. அந்த சீட்டில் நாள் தவறாமல் உட்கார்ந்தால்தான் வரும்.

வடிவேலு அவள் காலைப் பார்த்தான். காலிலிருந்து கண்ணை அவள் முகத்துக்கு உயர்த்தினான். பிறகு சிலேட்டைக் கேட்டு வாங்கி, சாய்வுக் கோடு இழுத்தான். கோடு பாதியிலேயே நின்றது. இரண்டு பெட்டிகளுக்குப் பதிலாக இரண்டு புள்ளிகள் வைத்தான்.

"ஏர்ற வண்டிதான மாமா நிக்கணும்?"

அவன் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. மெதுவாக 'சரி' என்று ஒரு டிக் போட்டான்.

தேவானை ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்தாள். அவனுக்கு நினைவு தப்பிவிட்டதா? "மாமா, தப்பு மாமா. தப்பா சொல்லிக்கினு கீறேன். தலைல அடிச்சிக்கோ. திட்டு" என்று சிலேட்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் அதை வாங்கி, டிக்குக்குப் பக்கத்தில் 'எப்போ' என்று எழுதினான். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருக்கத்தான் பார்த்தாள், முகம் ஒத்துழைக்கவில்லை.

"ஆடிலயே" என்றாள். "ஆடிலயே பாஸாயிட்டேன் மாமா. சொன்னா பாடம் முடிஞ்சிடும். முடிஞ்சா நீ போய்டுவ." பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேவானை கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்து அழுதாள். தலைமுடியில் அவன் விரல்கள் ஊர்வது தெரிந்தது. அவள் நிமிர்ந்தபோது அவன் சிரிப்பது போலத்தான் இருந்தது. நோயில் ஒட்டிப்போன கன்னத்தில் அது சிரிப்பா வலியா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். 'வள்ளி எப்டி கீறா' என்று எழுதினான்.

"நல்லாத்தான் கீறா. என் காலுதான் சரியில்ல. வர்றவங்களுக்கு முன்னாடி நான் மிதிச்சிடறேன். எல்லாம் கொற சொல்றாங்க மாமா. எனக்கு அது தெர்யல." கேட்க முடியாமல் இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது இவ்வளவுதான். கேட்டதும் ஏனோ மறுபடி அழுகை வந்தது.

வடிவேலு போர்வையைத் தட்டினான். காலை இங்கே வை என்றான் சைகையில்.

"ஐயே, ஒன் மேல காலு படும்."

மறுபடி தட்டினான். பழைய கோபம் கொஞ்சம் அந்தத் தட்டலில் இருந்தது. அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு, வலது காலைத் தூக்கிக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். அவன் அவள் குதிகாலைப் பிடித்துப் போர்வையில் ஊன்றினான். தன் இடது உள்ளங்கையை அவள் பாதத்துக்கு அடியில் விரித்துச் சாய்த்து வைத்தான். அதுதான் பிரேக். அவள் பாதம் அதன் மேல் படிந்தது. அவன் முகம் சுளித்து விரல்களால் பாதத்தை மேலே தள்ளினான். படியக் கூடாது. ஒரு விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். பிறகு வலது கையைக் காற்றில் தூக்கி ஸ்டியரிங் பிடித்தான். கண்ணை உருட்டி, கையை உதறி, வண்டி கற்றுக்கொள்ள வந்த யாரோ ஒருத்தியாக மாறினான். எதிரே பஸ் வருவதைப் பார்த்து வாயைப் பிளந்தான். தேவானை அழுத்திவிட்டாள். அவன் தலையை ஆட்டினான், இன்னும் இல்லை. மறுபடி ஸ்டியரிங், மறுபடி பஸ். அவள் மறுபடி அழுத்தினாள். அவன் காற்றில் பிடித்த ஸ்டியரிங்கைக் காட்டினான்: முதலில் ஓட்டுகிற இவள் மிதிக்கட்டும், இவளுக்கு அவகாசம் கொடு, இவள் பயப்படட்டும். அடுத்த முறை அவள் பொறுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பஸ் வந்தது, வந்தது, அவன் கண்ணில் ஏதோ மாறியது, அழுத்தினாள். அவன் விரல்கள் மடங்கி அவள் கால்விரல்களை ஒரு முறை இறுகப் பிடித்து விட்டன.

ஸ்டியரிங் பிடித்த கை மெல்லத் தாழ்ந்து போர்வையில் விழுந்தது. தலையணையில் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்கள் மூடியிருந்தன. வலிக்கான ஊசியோடு வந்த மீனாட்சி ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். கழுத்துத் துளையில் மூச்சு வந்தது, நின்றது, வெகுநேரம் கழித்து மறுபடி வந்தது. இடது உள்ளங்கை மட்டும் விரித்தபடியே இருந்தது. தேவானையின் கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கியது. அவள் குதிகாலை அசைக்காமல், அந்தக் கைக்கு மேலே, ஒரு விரல் இடைவெளியில், பாதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.